திரையில் எழும் நகரம் – 9: சதுக்கத்துக்குச் சுவர் வேண்டும்

சென்ற சில வாரங்களாகச் சாலைகளையும் குடிநீர்க் குழாய்களையும் மின்சார நிலையங்களையும் பற்றி விவரித்து வந்ததில், நம்முடைய நகரம் ஜனங்கள் குடியேறி, தொழில் பெருகி, கஜானாவிலும் ஓரளவு பணம் சேர்ந்த நிலைமைக்கு வந்து சேர்ந்துவிட்டது. இந்த நிலைமையை அடைந்த எந்த நகரத்துக்கும், அது மண்ணில் எழுந்ததாயினும் திரையில் எழுந்ததாயினும், வீட்டுக்கும் கடைக்கும் தொழிற்சாலைக்கும் விட்டுக்கொடுக்காத, சகலருக்கும் பொதுவான, கம்பீரமான ஓர் இடத்தைத் தன் மத்தியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை பிறப்பது இயல்பு. அந்த இடத்துக்குத்தான் சதுக்கம் என்று பெயர். இந்தத் தொடரில் நான் மிகுந்த ஆவலோடு எதிர்பார்த்திருந்த அத்தியாயம் இதுவே.

புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் எடுத்துக்கொண்டிருக்கும் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' என்ற விளையாட்டு, பின்லாந்து தேசத்துத் தாம்பரே நகரில் உள்ள கொலோசல் ஆர்டர் என்ற சிறிய நிறுவனத்தால் ஆக்கப்பட்டு, ஸ்வீடனைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனத்தால் 2015 மார்ச் 10-ஆம் தேதி வெளியிடப்பட்டது. இதில் நிலம் முழுவதும் பக்கத்துக்கு 8 மீட்டர் கொண்ட கட்டங்களாக அளக்கப்படுகிறது. சாலை ஒன்றைப் போட்டால், அதன் இரு மருங்கிலும் நான்கு கட்டங்களின் ஆழம் வரையில் வீடுகளுக்கோ கடைகளுக்கோ மண்டலம் குறிக்கலாம். அங்கே எழும் ஒவ்வொரு கட்டடமும், தான் எந்தச் சாலையால் பிறந்ததோ அந்தச் சாலையை நோக்கியே தன் முகத்தை வைத்துக்கொள்ளும். சதுக்கம் அமைப்பதில் உள்ள கஷ்டம் பெரும்பாலும் இந்த ஒரே விதியிலிருந்து விளைவதுதான்.

பூங்காக்களின் பட்டியலைத் திறந்தால், தயாராகச் செய்து வைத்த சிறிய சதுக்கங்கள் சில அதில் இருக்கின்றன. ஒன்றை எடுத்துச் சாலையோரத்தில் வைத்ததும் சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் மதிப்பு ஏறுகிறது, குடிகளின் திருப்தியும் கூடுகிறது. சிற்றூருக்கு அது போதும். ஆனால் நான் பேச வந்திருப்பது, ஒரு நகரத்தின் பெயரைச் சொன்னமாத்திரத்தில் மனக்கண்முன் வந்து நிற்கும் மகா சதுக்கங்களின் ஜாதியைப் பற்றி. அப்படிப்பட்டதைச் செய்ய விளையாட்டில் தனிக் கருவி ஏதும் கிடையாது. சாலைக்கும் கட்டடத்துக்கும் மரத்துக்கும் விளக்குக்கம்பத்துக்கும் பொத்தான் இருக்கிறது. அவற்றின் நடுவே விட்டுவைக்க வேண்டிய வெற்றிடத்தை மாத்திரம் நம்முடைய புத்தியினாலேயே வரைந்தாக வேண்டியிருக்கிறது.

முதல் பிரச்னை அளவு. இந்த விஷயத்தில் நமக்கு ஆசானாகக் கொள்ளத்தக்கவர், வியன்னா நகரத்துக் கட்டடக் கலைஞரான காமில்லோ ஸிட்டே. பழைய கோட்டை மதில்களை இடித்துவிட்டு அந்த இடத்தில் ரிங்ஸ்ட்ராஸே என்ற மாபெரும் வட்டச் சாலையை அந்நகரம் அமைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆலயமும் பாராளுமன்றமும் பரந்த திடல்களின் நடுவே ஒன்றுக்கொன்று சம்பந்தமின்றித் தன்னந்தனியே நிற்பதைக் கண்டு மனம் வருந்தி, பழைய ஐரோப்பிய நகரங்களின் சதுக்கங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1889-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். பழைய நகரங்களின் பெரிய சதுக்கங்களைச் சராசரி பார்த்தால் 142 மீட்டர் நீளமும் 58 மீட்டர் அகலமும்தான் வருகின்றன என்பது அவர் கண்ட கணக்கு. நமது கட்டங்களில் சொன்னால் நீளம் 18, அகலம் 7. இந்த விளையாட்டில் ஆறு தடங்கள் கொண்ட பெரிய சாலை ஒன்றின் அகலம் 4 கட்டங்கள். அப்படிப்பட்ட இரண்டு சாலைகளை அருகருகே போட்டால் ஸிட்டே சொல்லும் சதுக்கத்தின் அகலத்தைத் தாண்டிவிடும்!

விளையாடுவோரில் பெரும்பாலோர் இதைப்போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு இடத்தை ஒதுக்கிவிடுவதற்குக் காரணம், கேமரா ஆகாயத்தில் இருப்பதுதான். உயரத்திலிருந்து பார்க்கும்போது 50 கட்டம் நீளமுள்ள திடல் அடக்கமாகத்தான் தோன்றும். அதே கேமராவைத் தரைக்கு இறக்கி, ஒரு மனிதனின் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தால், எதிர்ப்புறத்துக் கட்டடங்கள் அடிவானத்தில் ஒரு கோடாகச் சிறுத்துப்போய், நடுவே இருப்பது வெறும் பொட்டல் என்று விளங்கும். மனிதனை மனிதன் கண்டுகொள்ளும் தூரத்துக்கு ஏறக்குறைய நூறு மீட்டர்தான் எல்லை என்றும், முகத்தின் பாவம் தெரிய வேண்டுமானால் இருபத்தைந்து மீட்டருக்குள் வந்தாக வேண்டும் என்றும், டென்மார்க்கைச் சேர்ந்த யான் கேல் என்ற அறிஞர் எழுதியிருக்கிறார். ஸிட்டே வேறொரு பிரமாணமும் தருகிறார்: சதுக்கத்தின் அகலம், அதில் பிரதானமாக நிற்கும் கட்டடத்தின் உயரத்துக்குக் குறையாமலும், அந்த உயரத்தின் இரு மடங்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும். நகர மன்றம் 30 மீட்டர் உயரமாயின், அகலம் 4 முதல் 7 கட்டங்கள் வரை. நான் இந்த அளவையே கைக்கொண்டேன்.

அளவைக் காட்டிலும் பெரிய விஷயம் சுவர். சுவர் இல்லாத கூடத்தைக் கூடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சதுக்கத்துக்கும் அப்படியே, நாற்புறமும் கட்டடங்களின் முகப்புகள் இடைவெளியின்றிச் சூழ்ந்து நின்றால்தான் அந்த வெற்றிடம் ஓர் உருவம் பெறும். இத்தாலியில் ஸியென்னா நகரத்தார் இதை எவ்வளவு ஊன்றி உணர்ந்திருந்தார்கள் என்றால், தங்கள் நகர மன்றத்தின் மாளிகையைக் கட்டத் தொடங்கிய 1297-ஆம் ஆண்டிலேயே, சதுக்கத்தை நோக்கிய வீடுகளின் ஜன்னல்கள் சிறு தூண்கள் வைத்தே அமைய வேண்டும், முன்னே துருத்திக்கொண்டு உப்பரிகைகள் நிற்கக்கூடாது என்று சட்டம் செய்துவிட்டார்கள். காம்போ என்று வழங்கும் அந்தச் சதுக்கம், மீன்முள் வரிசையில் செங்கல் பாவி, வெள்ளைக் கல் வரிகளால் ஒன்பது பாகங்களாகப் பிரிக்கப்பட்டு, அந்த மாளிகையை நோக்கி மெல்லச் சரிந்து இறங்குகிறது. ஊரை அப்போது ஆண்டுவந்த ஒன்பதின்மர் சபையை அந்த ஒன்பது பாகங்கள் நினைவூட்டுகின்றன. தரையில் அத்தனை அழகு இருந்தும், சுற்றிலும் வளைந்து நிற்கும் வீடுகளை மனத்தினால் அகற்றிப் பாருங்கள். மிஞ்சுவது ஒரு சரிவான மைதானம்தான்.

நம்முடைய விளையாட்டிலோ சுவர் எழுப்புவது எளிதாக இல்லை. கட்டடங்கள் சாலையை நோக்கியே முகம் வைக்கும் என்று முன்பே சொன்னேன். வாகனங்கள் செல்லாத நடைபாதைகளின் ஓரத்தில் மண்டலம் குறிக்க ஆதியில் வழியே கிடையாது. ஆகையால், சதுக்கத்தைச் சுற்றிச் சாலை போட்டால் கட்டடங்கள் முகம் காட்டும். ஆனால் சதுக்கத்துக்கும் அதன் சுவருக்கும் குறுக்கே கார்களும் லாரிகளும் ஓயாமல் ஓடும். சாலை போடாவிட்டாலோ, கட்டடங்கள் எல்லாம் சதுக்கத்துக்குப் புறமுதுகு காட்டி, குப்பைத்தொட்டியும் கொல்லைப்புறமுமாக நிற்கும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, விளையாடுவோரில் நிபுணர்களானவர்கள் தாமே துணைக்கருவிகள் செய்து இலவசமாக வழங்கினார்கள். 'மூவ் இட்' என்ற கருவியைக் கொண்டு, பின்தெருவில் பிறந்த கட்டடத்தை அப்படியே பெயர்த்து, திருப்பி, சதுக்கத்தை நோக்கி நிறுத்தலாம். அவர்களுடைய பொறுமையையும் தாராள குணத்தையும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். பிறகு 2022 செப்டம்பரில் வந்த 'பிளாஸாஸ் அண்ட் ப்ராமனேட்ஸ்' என்ற விரிவாக்கம், மண்டலம் குறிக்கத்தக்க நடைவீதிகளையும், கடைகளுக்குச் சரக்கு கொண்டுவரும் வண்டிகள் எல்லையிலேயே நின்றுகொள்வதற்கான சேவை நிலையங்களையும் தந்தது. அன்றுமுதல் மூன்று பக்கங்களில் நடைவீதிகளை வைத்து, குறுகலான நான்காவது பக்கத்தில் மட்டும் வாகனச் சாலையைத் தொட்டுச் செல்லவிடுவது சாத்தியமாகியிருக்கிறது. விளையாட்டின் ஐரோப்பியப் பாணிக் கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி எழக்கூடியவையாதலால், சுவருக்கு அவையே உசிதம்.

மூலைகளில் இன்னொரு ஜாக்கிரதை தேவை. கட்டம் கட்டமாகப் போட்ட தெருக்களின் நடுவே ஒரு மனையை மட்டும் காலியாக விட்டுவிட்டுச் சதுக்கம் என்று பெயர் வைத்தால், நான்கு மூலைகளிலும் இரண்டிரண்டு தெருக்கள் புறப்பட்டு ஓடி, சுவர் நான்கு இடங்களில் பிளந்து நிற்கும். ஸிட்டே ரவென்னா நகரத்துத் தேவாலயச் சதுக்கத்தை உதாரணமாகக் காட்டி இதற்குப் பரிகாரம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு மூலையிலும் ஒரே ஒரு தெரு, அதுவும் அடுத்த மூலையின் தெரு போகும் திசையில் போகாமல், சக்கரம் சுழல்வதுபோல் திசை மாறிப் புறப்பட வேண்டும். அப்போது உள்ளே எங்கே நின்று பார்த்தாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில் கண்ணில் படாது. திரையில் இதைச் செய்ய, எதிரெதிர்த் தெருக்களைச் சதுக்கத்தின் அகலம் அளவு விலக்கிப் போட்டால் போதும். செலவு ஏதுமில்லை; பலனோ அபாரம்.

இத்தனை விதிகளையும் மீறிய ஒரு மகா சதுக்கம் இருக்கிறது என்று வாசகர்கள் சொல்லக்கூடும். ஆம், பாரசீகத்தில் இஸ்பஹான் நகரத்து நக்ஷ்-ஏ-ஜஹான். ஷா அப்பாஸ் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அந்தச் சதுக்கம் 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் கொண்டது; நமது கணக்கில் 70 கட்டம், 20 கட்டம். அப்படியும் அது பொட்டலாகத் தோன்றாததற்குக் காரணம், ஒரே அச்சில் வார்த்த வளைவுகள் இரண்டு அடுக்காக நாற்புறமும் தொடர்ந்து ஓடி, அந்த விஸ்தாரம் முழுவதையும் ஒரே சுவருக்குள் அடக்கிவிடுவதும், வடக்கே கடைவீதியின் வாயில், மேற்கே அரண்மனை, தெற்கிலும் கிழக்கிலும் மசூதிகள் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிரதானம் வாய்த்திருப்பதுமே. அங்கே நான் வியந்து வியந்து பார்க்கும் நுட்பம் ஒன்று உண்டு. தெற்கு மசூதியின் வாயில் சதுக்கத்தை நேராக நோக்கி நிற்க, மசூதியோ மக்காவின் திசையை நோக்கியாக வேண்டியிருந்தது. ஆகவே வாயிலைக் கடந்து உள்ளே செல்பவரை ஒரு நடை, அவர் அறிந்தும் அறியாமலும், ஏறக்குறைய 45 பாகை திருப்பிவிடுகிறது. திசை வேறான இரண்டு தெருக்கட்டங்கள் சந்திக்கும் இடத்தில் முக்கோண முக்கோணமாக நிலம் வீணாவதைக் கண்டு நொந்துபோகும் நாம், அந்த வாயிலைக் கட்டிய கைகளிடம் பாடம் கேட்கலாம்: முகப்பைச் சதுக்கத்துக்கு இணங்க வைத்துவிட்டு, கோணலை முகப்புக்குப் பின்னால் மறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிலையையும் நீரூற்றையும் நட்டநடுவில் வைக்கும் பழக்கம் எல்லோரிடமும் உண்டு. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையை 1504-இல் பிளாரன்ஸ் நகரத்தார் நிறுத்தியது சதுக்கத்தின் நடுவில் அன்று, நகர மன்ற மாளிகையின் வாசலுக்குப் பக்கத்தில். பின்னால் சுவர் இருந்ததால் சிலை பெரிதாகத் தெரிந்தது. நடுவிடம் ஜனங்களுக்கு எஞ்சியது. நம் நகரத்திலும் அப்படியே செய்வோம்.

இனி ஜனங்கள். கல் பாவி, விளக்கு நட்டு, மரம் வைத்து எல்லாம் முடிந்த பிறகும் சதுக்கத்தில் ஒருவர்கூடக் கால் வைக்காமல் இருப்பது இந்த விளையாட்டில் சர்வ சாதாரணம். இதன் குடிகள் ஒவ்வொருவருக்கும் புறப்படும் இடமும் போய்ச்சேரும் இடமும் உண்டு. இவற்றுக்கு இடையே எது சுருக்கமான வழியோ அதிலேதான் நடப்பார்கள். அதுவும் பாதை என்று வரைந்த கோட்டின்மேல்தான் நடப்பார்களேயன்றி, வெறுமனே பாவிய கல்லின்மேல் நடக்கமாட்டார்கள். ஆகையால் கல்தளத்தின் அடியில், ஒவ்வொரு தெருவின் முனையிலிருந்தும் மற்ற ஒவ்வொரு தெருவின் முனைக்கும் கண்ணுக்குத் தெரியாத நடைபாதைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவிட வேண்டும். அதோடு, வடமேற்கு மூலையில் மெட்ரோ நிலையத்தின் வாயிலையும், தென்கிழக்கு மூலைக்கு அப்பால் அலுவலகங்களையும் வைத்தேன்.

பிறகு கேமராவைத் தாழ்த்தி, மெட்ரோவிலிருந்து வெளியே வந்த ஒரு பெண்ணின்மேல் சொடுக்கினேன். பெயரும் வீடும் வேலை செய்யும் இடமும் தெரிந்தன. அவள் வாயிலை விட்டிறங்கி, நீரூற்றுக்கு இடப்புறமாக, சதுக்கத்தை மூலைவிட்டமாகக் கடந்து, நகர மன்றத்தின் நிழலுக்குள் புகுந்து, தெருமுனையில் திரும்பிப் போனாள். அவளுக்குப் பின்னால் இருவர், பின்னும் ஐவர், அப்புறம் ஒரு ரயில் வண்டி நிறைய ஜனங்கள். நியூயார்க் நகரத்துச் சதுக்கங்களைப் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், 1980-இல் வெளியிட்ட நூலில், தெருவைவிட்டு மேலே உயர்த்தியோ கீழே தாழ்த்தியோ ஒதுக்கப்பட்ட சதுக்கங்கள் வெறிச்சோடிப் போவதையும், தெருவின் ஓட்டத்தோடு கலந்தவை நிரம்பி வழிவதையும் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஜனங்கள் எங்கேயோ போகும் வழியில் சதுக்கம் இருக்க வேண்டும். வழிக்குப் புறம்பே எவ்வளவு சௌந்தர்யத்தைக் குவித்தாலும் அவர்கள் வரமாட்டார்கள். கணினி போட்ட கணக்கும் வைட் எடுத்த படங்களும் இந்த விஷயத்தில் ஒத்துப்போவதைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று.

சதுக்கம் அமைக்க உத்தேசித்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நகரம் வளர்ந்தபின் இடம் தேடினால், வீடுகளை இடிக்க வேண்டி வரும். ஆகவே முதல் மெட்ரோ நிலையத்துக்கு இடம் குறிக்கும் அன்றே அதன் பக்கத்தில் 18 கட்டம் நீளமும் 7 கட்டம் அகலமும் கொண்ட நிலத்தை மண்டலம் குறிக்காமல் ஒதுக்கி வையுங்கள். கல்லும் விளக்கும் பிறகு வரலாம். அடுத்த வாரம் ஆற்றங்கரைக்குப் போவோம்.