குளிர்கால வேட்டையும் குடும்பக் கூடாரமும்

உணவும் உடையும் போல உறையுளும் மாந்தர்க்கு இன்றியமையாததொன்றாம். நிலைத்த இல்லத்தில் வாழ்வோர் அதன் அருமையை நாடோறும் எண்ணுவதில்லை. இல்லம் நீங்கிக் காட்டில் இரவைக் கழிப்போரே அதனை நன்குணர்வர். அதிலும், பனி பெய்யும் மலைநாட்டில் மனைவி மக்களோடு வேட்டைமேற் செல்லும் ஒருவனுக்கு, உறையுளைத் தேர்தல் உயிரைக் காத்தலோடு ஒத்த செயலாகும். வெம்மை மிக்க நாட்டினராகிய நமக்கு இப்பொருள் புதியதாயினும், இதனுட் பொதிந்த இயற்கை நெறிகள் எந்நாட்டார்க்கும் பயன்படுவனவாதலின், இதனை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

வட அமெரிக்காவின் மேற்பால் ராக்கி மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அத்தொடரைச் சார்ந்த கொலராடோ, வயோமிங், மொன்டானா முதலிய மாநிலங்களில், இலையுதிர் காலத்தில் எல்க் என்னும் பெருமானை வேட்டையாடுதல் பல குடும்பங்களின் வழக்கம். முதிர்ந்த கலைமான் 300 கிலோவுக்கு மேலும் நிறையுடையதாதலின், அதனைத் தேடவும், வீழ்த்தியபின் அறுத்துச் சுமந்து வரவும் பல நாள் வேண்டும். கொலராடோவில் 12 வயது நிரம்பிய சிறாரும், வேட்டைப் பயிற்சி பெற்று, பெரியோர் துணையுடன் உரிமம் கொண்டு வேட்டையாடலாம். அவரினும் இளைய மக்களும் பெற்றோருடன் பாடியில் தங்குவதுண்டு. அக்டோபர், நவம்பர்த் திங்கள்களில், 8,000 அடிக்கு மேற்பட்ட அவ்வுயர்ந்த காடுகளில் பகலில் இளவெயில் காயும். இரவில் நீர் உறையும். ஒரே இரவில் முழங்காலளவு பனி வீழ்தலும் உண்டு. இத்தகைய இடத்திற்கு எக்கூடாரம் ஏற்றது?

குளிரைத் தடுக்க வேண்டின் கூடாரம் தடித்ததாயும் காற்றுப் புகாததாயும் இருத்தல் வேண்டும் என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் பாதியே மெய்யாகும். நாம் ஒவ்வொருவரும் மூச்சாலும் தோலாலும் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேற்பட்ட நீரை நம்மை அறியாமலே ஆவியாக வெளிவிடுகின்றோம். நால்வர் உறங்கும் கூடாரம் முழுதும் அடைக்கப்பட்டிருப்பின், அவ்வாவி குளிர்ந்த சுவரிற் படிந்து நீராகும், கடுங்குளிரில் உறைபனியாகும், விடியலில் உருகிப் படுக்கையின்மேற் சொட்டும். நனைந்த பஞ்சும் இறகும் உடல் வெம்மையைக் காக்கமாட்டா. முதலிரவினும் இரண்டாம் இரவு கொடிதாகத் தோன்றுவது பெரிதும் இதனாலேயாம். எனவே, கூடாரத்தைக் குறித்துக் கேட்கத்தக்க முதற் கேள்வி, 'இஃது எவ்வளவு தடித்தது?' என்பதன்று, 'இஃது எவ்வாறு மூச்சு விடுகின்றது?' என்பதேயாம்.

இவ்வுண்மையை அந்நாட்டின் பழங்குடிகள் நன்கறிந்திருந்தனர். லக்கோட்டா, செயென் முதலிய சமவெளிக் குடியினர், நெடுங்கழிகளைக் கூம்பாக நிறுத்தி, எருமைத்தோல் போர்த்து அமைத்த 'டீப்பி' என்னும் உறையுளில் குடும்பத்தோடு குளிர்காலத்தைக் கழித்தனர். அதன் உச்சியில் இரண்டு புகைமடல்கள் இருந்தன. வெளியே நின்று கழிகளால் அவற்றைக் காற்றின் போக்கிற்கேற்பத் திருப்புவர். உட்புறத்தே ஆளுயர அளவிற்கு மற்றொரு திரை கட்டப்பட்டது. புறத்தோலுக்கும் உட்டிரைக்கும் இடையே குளிர்காற்று மேலெழுந்து புகையை உச்சிவழியே போக்கியது. படுத்திருப்போர்மீது அது வீசவில்லை. காற்றை அடைத்தலன்று, அதற்கு வழி வகுத்தலே அவர்தம் கலை. அமெரிக்கப் படை அதிகாரியான ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி என்பவர், 1856ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற தம் கூம்புக் கூடாரத்தை இவ்வுறையுளைப் பார்த்தே அமைத்தார்.

இக்காலத்துக் குளிர்நிலக் கூடாரங்களுள் மூவகையைக் குறித்தல் போதும். முதலாவது, நைலான் துணியும் வளையும் கழிகளும் கொண்ட கவிகைக் கூடாரம். இது புயலையும் பனிச்சுமையையும் நன்கு தாங்கும். முதுகிற் சுமந்து செல்லவும் ஏற்றது. ஆயின், அடுப்பிற்கு இதில் இடமில்லை. எழுந்து நிற்றலும் அரிது. நனைந்த உடையை உலர்த்த வழியின்மையின், சிறு மக்களோடு பல நாள் தங்குவார்க்கு இது துன்பமே தரும். இரண்டாவது, நிமிர்ந்த சுவரும் சரிந்த கூரையும் உடைய கித்தான் கூடாரம். பருத்தி நூலால் நெய்யப்பட்ட கித்தான், நீராவியைச் சிறிது சிறிதாக வெளியே கசியவிடும். மழையில் நனையுங்கால் நூல் பருத்து இழைகளின் இடைவெளி நெருங்குதலால் நீரை உட்புகவிடாது. இதனுள்ளே இரும்புத் தகட்டடுப்பை வைத்து எரிக்கலாம். ஆயின் இது மிக்க பாரமுடையது. குதிரையோ மோட்டார் வண்டியோ சுமந்தாலன்றி மலைமேற் செல்லாது. ஈரத்தோடு சுருட்டி வைப்பின் பூஞ்சணம் பிடித்து மடியும். மூன்றாவது, டீப்பியின் வடிவில் மெல்லிய துணியாற் செய்யப்பட்டு, நடுவில் ஒரு கழியும் சிற்றடுப்பும் கொள்ளும் கூடாரம். இது சுமக்க எளியது. அடுப்பு எரியும்வரை வெம்மையுடையது. ஆனால், நீரைக் கசியவிடாத துணியாதலின் உட்சுவரில் ஈரம் மிகும்.

ஆகவே, வண்டி செல்லும் வழியருகே குடும்பத்தோடு பல நாள் தங்குவார்க்குக் கித்தான் கூடாரமே தலைசிறந்தது என்பது எம் துணிபு. நடந்தே செல்லும் பெரியோர் இருவர் மூவர்க்கு மற்றை இரண்டும் பொருந்தும். விற்போர் 'நால்வர்க்குரியது' என்று கூறின், அதனை இருவர்க்கெனவே கொள்க. அவர் எண்ணுவது படுக்கும் உடல்களையே. ஈரக்காலணியையும் உணவுப் பெட்டியையும் அன்று. நால்வரும் ஓர் அடுப்பும் இருக்க 12 அடி அகலமும் 14 அடி நீளமும் ஏற்ற அளவாம்.

அடுப்பைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். புகைக்குழாய் வெளியேறும் துளையைச் சூழத் தீப்பற்றாத துணி தைத்திருத்தல் வேண்டும். குழாய் கூரை முகட்டினும் உயர்ந்து, பொறிதடுக்கும் வலைமூடி உடையதாதல் வேண்டும். சிறாரும் படுக்கையும் அணுகாவண்ணம் அடுப்பைச் சுற்றி இடம் விடுக. விறகு அவிந்தபின் சிறுபொழுதிற் கூடாரம் வெளியைப் போலக் குளிர்ந்துவிடும்; எனவே, வெளிக்குளிருக்குத் தக்க படுக்கையே கொள்க. அடுப்பு, மாலையில் உடை உலர்த்தவும் காலையில் மக்களை எழுப்பவுமே உரியது; இரவைக் காப்பது படுக்கையே. நிலக்குளிர் கீழிருந்து ஏறுமாதலின், மேற்போர்வையினும் கீழ்விரிப்பில் மிகுந்த கருத்துச் செலுத்துக. சிறுவர் உடல் பெரியோர் உடலினும் விரைவில் வெம்மையை இழக்கும் என்பதை மறவற்க.

இனி, யாவற்றினும் கொடியதொன்றைக் கூறுவோம். முற்றும் எரியாத கரியினின்றும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று எழும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. அது குருதியிலுள்ள செம்பொருளோடு உயிர்க்காற்றைக் காட்டிலும் 200 மடங்கிற்கு மேலான பற்றுடன் கூடுமாதலின், உடலுக்குச் செல்லவேண்டிய உயிர்க்காற்று செல்லாது போகும். தலைவலியும் குமட்டலும் மயக்கமும் அதன் அடையாளங்கள். உறங்குவோர் அவற்றை உணராமலே மடிதலும் உண்டு. புகைக்குழாயில்லாத எரிவாயு அடுப்பு உறங்கும்பொழுது எரிதல் ஆகாது. அஃது ஈரத்தையும் பெருக்கும்: ஒரு கிலோ புரொப்பேன் எரியின் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட நீராவி உண்டாகும். கரிச்சட்டியைக் கூடாரத்தினுள் ஒருபொழுதும் வைத்தலாகாது. தாழ ஒன்றும் உயர ஒன்றுமாக இரண்டு காற்றுவழிகள் எவ்விரவிலும் திறந்திருத்தல் வேண்டும். இந்நச்சை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் கடைகளிற் கிடைக்கின்றன. மின்கலத்தால் இயங்கும் அத்தகையதொன்றை உறங்குமிடத்தருகே வைத்தல் நலம்.

இடந்தேர்தலும் கூடாரந்தேர்தலோடு ஒத்ததே. குளிர்காற்று பாரமுடையதாதலின் இரவிற் பள்ளத்தாக்கின் அடியில் தங்கும். ஆதலின், சற்றே உயர்ந்த மேடை நன்று. பட்ட மரத்தின்கீழ்க் கூடாரம் அடித்தலாகாது. வாயிலைக் காற்று வீசும் திசைக்கு எதிராக வைத்தலும் ஆகாது. கூரைமேற் படியும் பனியை அவ்வப்போது உதறுதல் வேண்டும். இறைச்சியைக் கூடாரத்தினின்றும் தொலைவில் உயரக் கட்டுக. கரடி அதனை நாடி வரும். துப்பாக்கியின் தோட்டாவை வாயிலுக்குப் புறத்தேயே நீக்கிவிடுக.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள் என்று ஒதுக்குதற்கில்லை. நீலகிரி, கொடைக்கானல் முதலிய நம் மலையூர்களிலும், குளிருக்கு அஞ்சி மூடிய அறையினுள் கரியடுப்பு மூட்டி உறங்கியோர் விடியலிற் பிணமாகக் காணப்பட்ட செய்திகள் நாளிதழ்களில் வந்ததுண்டு. கித்தான் கூடாரமாயினும் கற்சுவர் அறையாயினும் நெறி ஒன்றே. குளிருக்கு அஞ்சிக் காற்றை அடைத்தல், பகைவனுக்கு அஞ்சி நண்பனைச் சிறையிடுதலை ஒக்கும். தந்தையாவான் அன்று மான் ஒன்றையும் வீழ்த்தாது திரும்பினும் குறைவில்லை. உடன் வந்த மக்கள் உலர்ந்த படுக்கையில் உறங்கி, விடியலில் நலத்தோடு விழித்தெழுவாராயின், அதுவே அவ்வேட்டையின் முதற்பேறாகும்.