தொப்புளைச் சுற்றி 14 ஊசியா? அது பழைய கதை!

நாய் கடித்துவிட்டது. காலில் ரத்தம். வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள்.

“வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்று அப்பா கூப்பிடுகிறார்.

பையன் திண்ணைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறான்.

“நான் வரமாட்டேன்! தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்களாமா!”

வேலாமுள் தைத்த காலோடு ஓடி விளையாடுகிற பையன்தான். நாயைக் கூட அவன் மறந்துவிட்டான். ஊசியைத்தான் மறக்க முடியவில்லை.

இப்படி ஒரு காட்சியைக் கொங்கு நாட்டில் பல வீடுகள் பார்த்திருக்கும். இந்தப் பயத்தை அவனுக்குக் கொடுத்தது யார்? நாயும் அல்ல, டாக்டரும் அல்ல. பெரியவர்கள்தான்! “நாய்கிட்டப் போகாதே, கடிச்சா வயித்துல 14 ஊசி” என்று மிரட்டி வைத்தார்கள்.

ஒரு காலத்தில் அது உண்மை. இப்போது உண்மை அல்ல. ஆனால் பயம் மட்டும் போகவில்லை. இந்தப் பயம் உயிரையே வாங்கிவிடும்.

எப்படி?

மறைத்தால் ஆபத்து

ஊசிக்குப் பயந்த குழந்தை, நாய் கடித்ததையே வீட்டில் சொல்லாது. “கல்லுல விழுந்துட்டேன்” என்று சொல்லிவிடும். நாய்க்குட்டி பிறாண்டினால் கேட்கவே வேண்டாம். யாருக்கும் தெரியாது.

பெரியவர்களிலும் இப்படிச் செய்பவர்கள் உண்டு. கடித்த இடத்தில் மிளகாய்ப் பொடி வைப்பார்கள். சுண்ணாம்பு தடவுவார்கள். பச்சிலை கட்டுவார்கள். காயம் ஆறிவிடும். “எல்லாம் சரியாகிவிட்டது” என்று நினைப்பார்கள்.

ஆனால் காயத்தில் புகுந்த கிருமி சும்மா இருப்பதில்லை. நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளையை நோக்கிப் போகும். பெரும்பாலும் 2 மாதம், 3 மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் நோய் வரும். சிலருக்கு ஒரு வருடத்துக்குப் பிறகும் வரும்.

தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும். காற்று பட்டாலும் நடுங்கும். அந்த நிலை வந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. பிழைத்தவர்கள் மிக மிக அரிது.

உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 59 ஆயிரம் பேர் வெறிநாய்க்கடி நோயால் இறக்கிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெறிநாய் என்று சந்தேகப்படும் பிராணியிடம் கடிபடுகிறவர்களில் 100-க்கு 40 பேர், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர், சிறுமியர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்தச் சாவைத் தடுக்க முடியும். சோப்பும், தண்ணீரும், உரிய நேரத்தில் போடும் ஊசியும் போதும்.

அழுத சிறுவன்

நாய்க்கடி ஊசியை முதல் முதலில் போட்டுக்கொண்டு புகழ் பெற்றவனும் ஒரு சிறுவன்தான். அவன் பெயர் ஜோசப் மைஸ்டர். வயது 9. பிரான்சு நாட்டின் எல்லையை அடுத்த அல்சாஸ் பகுதியைச் சேர்ந்தவன்.

1885-ம் ஆண்டு ஜூலை மாதம் அவனை நாய் பல இடங்களில் கடித்துக் குதறிவிட்டது. தாய் அவனைப் பாரீஸ் நகருக்கு அழைத்துக்கொண்டு ஓடினாள். அங்கே லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டுபிடித்து, நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 6-ந் தேதி மைஸ்டருக்கு முதல் ஊசி போடப்பட்டது. ஊசி என்றதும் அவன் ஓவென்று அழுதானாம். ‘சுருக்’கென்று ஒரு குத்து, அவ்வளவுதான் என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டானாம். பாஸ்டரின் வாழ்க்கை வரலாற்றில் இது எழுதப்பட்டிருக்கிறது.

மொத்தம் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான். வளர்ந்து பெரியவனாகி, பாரீசில் பாஸ்டர் பெயரால் அமைந்த நிலையத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான்.

குன்னூர் மலையில்...

இந்த ஊசி கொங்கு நாட்டுக்கு எப்படி வந்தது?

இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் 1900-ம் ஆண்டு இமயமலை அடிவாரத்தில் உள்ள கசௌலியில் ஏற்பட்டது. கோவையில் நாய் கடித்தவர் அவ்வளவு தூரம் போவது நடக்கிற காரியமா?

1902-ம் ஆண்டு லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தாள். தென்னாட்டில் மருந்து கிடைக்காததே காரணம். அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் பண உதவி செய்தார். 1907-ம் ஆண்டு குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு 1899-ம் ஆண்டே மலை ரெயில் ஓடத் தொடங்கியிருந்தது. நாய் கடித்தவர்கள் மலை ஏறினார்கள். பிறகு மருந்தைப் பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் வசதி வந்தது. ஊருக்கு ஊர் ஊசி போட்டார்கள்.

ஏன் வயிற்றில் போட்டார்கள்?

அந்தக் கால மருந்து, ஆட்டு மூளையில் இருந்து தயாரிக்கப்பட்டது. கசௌலியில் வேலை பார்த்த டாக்டர் டேவிட் செம்பிள் 1911-ம் ஆண்டு அதற்கு வழி கண்டார்.

அந்த மருந்தைக் கொஞ்சமாகப் போட்டால் போதாது. ஒரு தடவைக்கு 5 மில்லி லிட்டர் கூடப் போடுவார்கள். கையில் அவ்வளவு மருந்து கொள்ளாது. வயிற்றுத் தோல் தளர்வாக இருக்கும். அங்கே கொள்ளும். அதனால்தான் வயிற்றில் போட்டார்கள். ஒரே இடத்தில் தினமும் குத்த முடியாது. எனவே தொப்புளைச் சுற்றி இடம் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கடியின் தன்மையைப் பொறுத்து 14 நாள் வரை நீடிக்கும்.

போதாததற்கு, அந்தக் கால ஊசி தடிமனாக இருந்தது. வெந்நீரில் கொதிக்க வைத்து அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். முனை மழுங்கிவிடும். நோகாமல் என்ன செய்யும்?

ஆகவே, அப்பாருக்கும் அம்மிச்சிக்கும் இருந்த பயம் வீண் பயம் அல்ல. அவர்கள் பட்டது உண்மை.

அந்த ஆட்டு மூளை மருந்தால் சிலருக்கு நரம்புக் கோளாறும் ஏற்பட்டது. எனவே 2004-ம் ஆண்டு இறுதியில் இந்தியாவில் அதைத் தயாரிப்பதே நிறுத்தப்பட்டது. இப்போது வருவது வேறு மருந்து. சோதனைச் சாலையில் உயிரணுக்களை வளர்த்து, அதில் தயாரிக்கப்படுகிறது.

இப்போது எப்படி?

வயிற்றில் இல்லை. தோளுக்குக் கீழே, கையில்தான்! சின்னக் குழந்தை என்றால் தொடையில்.

இரண்டு முறை உண்டு.

ஒன்று, தோலுக்குள் போடுவது. முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள். ஆக 4 தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு சிறு குத்து. ஒரு குத்துக்கு மருந்து 0.1 மில்லி லிட்டர். அதாவது, சுமார் இரண்டு சொட்டு!

மற்றொன்று, சதையில் போடுவது. முதல் நாள், பிறகு 3, 7, 14, 28-ம் நாட்கள். தடவைக்கு ஒரே ஊசி.

ஊசியும் மெல்லியது. ஒருவருக்குப் போட்டதை மற்றவருக்குப் போடுவதில்லை. தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த ஊசி இலவசம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பல் ஆழமாகப் பதிந்து ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றியே வேறு ஒரு மருந்தும் போட வேண்டும். அது கொஞ்சம் நோகும். ஆனால் அது ஒரு நாள்தான். தடுப்பு ஊசி வேலை செய்யத் தொடங்கும் வரை, அந்த மருந்துதான் காயத்தில் கிருமியைத் தடுத்து நிற்கிறது.

மயக்கம் வருகிறதா?

“வலிக்குப் பயம் இல்லீங்க. ஊசியைப் பார்த்தாலே கண்ணை இருட்டிட்டு வருது” என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. மூட்டை தூக்குகிற ஆள் கூட ஊசிக்கு முன் சாய்ந்துவிடுவார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இது கோழைத்தனம் அல்ல. உடம்பின் தன்மை.

தோட்டத்துக் கிணற்று மோட்டார் வேகம் குறைந்தால், மேட்டுக் காட்டுக்குத் தண்ணீர் ஏறாது அல்லவா? அதே மாதிரிதான். ஊசியைக் கண்டதும் சிலருக்கு இதயத் துடிப்பு குறைகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. தலைக்கு ரத்தம் ஏறுவது குறைகிறது. மயக்கம் வருகிறது.

இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. ஸ்வீடன் நாட்டு மனநல அறிஞர் லார்ஸ் கோரான் ஓஸ்ட் என்பவர் 1980-களில் இதைச் சோதித்துக் காட்டினார்.

உட்கார்ந்துகொள்ளுங்கள். கைகளை இறுக மூடுங்கள். கை, கால், வயிற்றுச் சதைகளை இறுக்குங்கள். 10 முதல் 15 விநாடி வரை. முகத்தில் சூடு ஏறுவது தெரியும். பிறகு மெதுவாக விடுங்கள். அரை நிமிடம் கழித்து மறுபடியும் இறுக்குங்கள். இப்படி 5 தடவை. ரத்த அழுத்தம் ஏறும். மயக்கம் விலகும்.

ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட வேண்டும். இறுக்கமான சதையில் குத்தினால் அதிகம் வலிக்கும்.

மயங்கும் வழக்கம் உள்ளவர்கள் அதை நர்சிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படுக்க வைத்து ஊசி போடுவார்கள். போட்ட பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு வீட்டுக்குப் புறப்படலாம்.

குழந்தைகளுக்கு என்ன செய்யலாம்?

ஊசி வலியைக் குறைக்கும் வழிகளை உலக சுகாதார நிறுவனம் 2015-ம் ஆண்டு வெளியிட்டது. அவற்றை எந்தத் தாயும் செய்யலாம்.

பால் குடிக்கும் குழந்தையா? பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடச் சொல்லுங்கள்.

சின்னக் குழந்தையா? மடியில் வைத்து அணைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க வேண்டாம். அடுத்த ஊசிக்கு அந்தப் பயமே பெரிதாகிவிடும். பொம்மை காட்டுங்கள். பாட்டுப் பாடுங்கள்.

பெரிய குழந்தையா? நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். ஊசி குத்தும் நேரத்தில் பேச்சுக் கொடுங்கள்.

பெரியவர்கள் ஊசி இறங்கும்போது லேசாக இருமினாலும், மூச்சை ஒரு நொடி பிடித்தாலும் வலி குறைவாகத் தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பொய் சொல்லக் கூடாது!

“ஊசி இல்லை கண்ணு, கடைக்குப் போறோம்” என்று ஏமாற்றி அழைத்துப் போனால், அடுத்த தடவை கடைக்குக் கூட அது வராது. “வலிக்கவே வலிக்காது” என்பதும் பொய்தான்.

வேறு எப்படிச் சொல்வது?

“சுருக்குன்னு ஒரு குத்து இருக்கும் சாமி. மூணு எண்ணறதுக்குள்ள முடிஞ்சிரும். அம்மா கூடவே இருக்கறேன்” என்று சொன்னால் போதும். சொன்னபடி நடந்தால் குழந்தை நம்பும். மறுபடி வரும்.

“சேட்டை பண்ணினால் டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுவிடுவேன்” என்று மிரட்டுவதையும் இன்றோடு விட்டுவிட வேண்டும். காப்பாற்றும் ஊசியைத் தண்டனை ஆக்கினால், ஆபத்து நேரத்தில் குழந்தை ஒளிந்துகொள்ளத்தானே செய்யும்?

நாய் கடித்தால்...

முதல் வேலை, காயத்தைக் கழுவுவது. ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் கூடாது.

இரண்டாவது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவது. “நாயைப் பத்து நாள் பார்க்கலாம்” என்று காத்திருக்கக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். நாய் பத்து நாளும் நன்றாக இருந்தால், மீதி ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார்.

மூன்றாவது, சொன்ன நாட்களில் தவறாமல் போவது. இரண்டு ஊசி போட்டதும் நின்றுவிடக் கூடாது.

வளர்ப்பு நாய், குட்டி நாய், பூனை எது கடித்தாலும், பிறாண்டினாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக் குழந்தைகளிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: “நாய் கடித்தாலோ, பிறாண்டினாலோ உடனே வந்து சொல்ல வேண்டும். யாரும் திட்ட மாட்டோம். ஊசி கையில்தான். கூடவே நாங்கள் இருப்போம்.”