நீரடிமுத்தும் திருமணியும்

தொழுநோய்க்கு மருந்து கண்டேன் என்பது எளிது. அதை மெய்ப்பிப்பது அரிது. இந்நோயின் நுண்ணுயிர் நம் உயிரணுக்களுக்குள் புகுந்து ஒட்டுண்ணியாகவே வாழ்வது. ஒன்று இரண்டாகப் பெருக 12 முதல் 14 நாள் ஆகும். செயற்கை ஊட்டத்தில் அது வளர்வதே இல்லை. போதாக்குறைக்கு, எதிர்ப்பாற்றல் மிக்க சிலருடைய தோற்படைகள் எம்மருந்துமின்றித் தாமே மறைந்துவிடும். அவ்வேளையில் எந்த எண்ணெயைத் தடவியிருந்தாலும் பெருமை அதற்கே போய்ச் சேரும்.

இவ்விடர்ப்பாட்டோடு நெடுங்காலம் போராடிய இடம் செங்கற்பட்டை அடுத்த திருமணி. அங்கிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் 1930-களில் பணியாற்றியபோது, உலகெங்கும் போலவே கைம்மருந்து நீரடிமுத்து எண்ணெய்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் நீரடிமுத்து விதையைச் சித்த மருத்துவம் தோல்நோய்களுக்கு ஆண்டுவந்தது. உட்கொண்டால் குமட்டும், ஆகவே ஊசியாக ஏற்றினர். குத்திய இடம் வீங்கி வலிக்கும். அதை ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்தோரை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

    

மருந்து வேலை செய்கிறதா என்பதைக் காது மடலே சொல்லும். குருதி வடியாதபடி மடலை இறுகக் கிள்ளிப் பிடித்து, சிறு கீறலிட்டு, சுரண்டியெடுத்த ஊனீரைக் கண்ணாடித் தகட்டில் பூசுவர். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் நீலப் பின்னணியில் சிவந்த குச்சிகள் கற்றை கற்றையாய்த் தெரியும். அவை குறைகின்றனவா என்று மாதக்கணக்கில் எண்ண வேண்டும். 1940-களின் பிற்பாதியில், நஞ்சென்று அஞ்சப்பட்ட டாப்சோன் என்னும் மருந்தைக் காக்ரேன் குழுவினர் எண்ணெயில் கலந்து ஊசியாகச் செலுத்திப் பார்த்தனர். இம்முறை கிருமிகள் குறைந்தன. மலிவான அம்மருந்து நீரடிமுத்தை ஓரங்கட்டியது. திருமணி இல்லத்தை 1955-இல் நடுவண் அரசு ஏற்று, ஆராய்ச்சி நிலையமாக்கியது.

ஆனால் நீரடிமுத்தை வெறும் நம்பிக்கையென்று தள்ளுவது முறையன்று. எலியின் குளிர்ந்த பாதத்தில் இக்கிருமியை வளர்க்கலாம் என்று 1960-இல் ஆய்வாளர் ஷெப்பர்டு காட்டிய பிறகே, நோயாளியை வருத்தாமல் மருந்தைச் சோதிக்க வழி பிறந்தது. அவ்வழியே 1975-இல் லூயி லெவி, இவ்வெண்ணெயின் அமிலங்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கிருமியின் பெருக்கம் தடைபட்டது. டாப்சோன் வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த சான்று இது.