அட்டை தொலைந்தாலும் டிசைன் தொலையாது: பழைய சேலையை எண்ணிப் படிக்கும் வித்தை

காஞ்சீபுரம்:

பாட்டி காலத்து பட்டுச்சேலையில் உள்ள அன்னப்பட்சி கரை அப்படியே வேண்டும் என்று கேட்டால் நெசவாளர் என்ன செய்வார்? அந்த டிசைனின் ஜக்கார்டு அட்டை எப்போதோ கிழிந்து போயிருக்கும். சேலையைத்தான் நூல் நூலாக எண்ணிப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'ரிவர்ஸ் என்ஜினீயரிங்' என்கிறார்கள்.

அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும், பாவு நூல் மேலே வரும். இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு கொண்டு வந்த இந்த ஓட்டை அட்டைதான் பின்னாளில் கம்ப்யூட்டருக்கும் போனது.

பூதக்கண்ணாடி வைத்து, எந்த நூல் மேலே, எது கீழே என்று பார்த்து கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக குறிக்கிறார்கள். கண் பூத்துப்போகும் வேலை. ஆனால் முழுச்சேலையையும் எண்ண வேண்டாம். உரு மறுபடி தொடங்கும் இடம் வரை போதும். மேலும் கீழும் ஒரே மாதிரி உரு என்றால் பாதியே போதும். அதே அட்டைகளை பின்னோக்கி ஓட்டினால் மறுபாதி வந்துவிடும். புரோகிராமில் 'லூப்' போடுவதும் இதே கணக்குதான். ஒரு கட்டம் தப்பினால் அந்த தப்பு கரை நெடுக வரும். அதனால் முதலில் கொஞ்சம் நெய்து, பழைய சேலையோடு ஒப்பிட்டு பார்ப்பது நல்லது.

இதே வித்தை தெரிந்தால் அடுத்தவர் டிசைனையும் விசைத்தறியில் காப்பி அடிக்கலாம். புது டிசைனை 2000-ம் ஆண்டு டிசைன் சட்டப்படி பதிவு செய்தால் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. சேலையை கடைக்கு அனுப்பும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பாட்டி சேலை டிசைனுக்கு இது கிடைக்காது.