பிரேக் குழாய்க்கு எவர்சில்வர் பின்னல்: வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்!

வெள்ளிக்கிழமை இரவு ஓசூர் ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். பின் சீட்டில் மனைவி, பக்கவாட்டில் கட்டிய பை. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம்மவர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். பஸ் கட்டணம் மிச்சம். ஊரில் இறங்கியதும் நாலு இடம் போய்வர ஒரு வண்டியும் ஆயிற்று.

அந்த வண்டிகளில் சிலவற்றின் முன்சக்கரத்துக்கு அருகே பளபளவென்று ஒரு குழாய் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எவர்சில்வர் கம்பியால் பின்னிய பிரேக் குழாய் அது. "இதைப் போட்டால் பிடித்த இடத்தில் வண்டி நிற்கும்" என்கிறார்கள், போட்டவர்கள்.

நிற்குமா? நானும் அதை நம்பி வாங்கப் போனவன்தான்.

மலை இறக்கத்தில்...

2022 மே மாதம். மனைவியுடன் ஏற்காடு போய்விட்டுச் சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். என் வண்டி 2014-ல் வாங்கிய 150 சி.சி. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக்.

வளைவுக்கு வளைவு முன் பிரேக்கையே பிடித்துப் பிடித்து இறங்கினேன். பாதி மலை இறங்கியபோது லீவர் பஞ்சுபோல் ஆயிற்று. அடுத்த வளைவில் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. முன் பிரேக் இல்லை!

கியரைக் குறைத்து, பின் பிரேக்கை மிதித்து, மலைப்பக்கமாக ஒதுக்கி எப்படியோ நிறுத்தினேன். "ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் மனைவி. "தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றேன். உண்மையை வீடு வந்த பிறகுதான் சொன்னேன்.

அரைமணி நேரம் கழித்து லீவரைப் பிடித்தால், பழையபடி கெட்டியாக இருக்கிறது! பேய் பிடித்த வண்டியோ என்றுகூடத் தோன்றியது.

பெங்களூர் திரும்பியதும் ஸ்ரீராம்புரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். ஆம்பூர்க்காரர். "ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு எவர்சில்வர் குழாய் போடுங்கள்" என்று உத்தரவு போட்டேன். அவர் குழாயைத் தொடவில்லை. ஹேண்டில்பார் மேலிருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே காப்பி டிகாஷன் நிறத்தில் ஏதோ இருந்தது.

"புதுசா ஊத்தும்போது இது கண்ணாடி மாதிரி, இளம் மஞ்சளா இருக்கும் சார். எட்டு வருஷமா மாத்தவே இல்லையா?" என்றார்.

இல்லை. எஞ்சின் ஆயில் மாற்றினேன், செயின் மாற்றினேன், சீட் கவர் மூன்று முறை மாற்றினேன். இதை மட்டும் மறந்தேன்.

தண்ணீர் செய்த வேலை

லீவரை அழுத்தினால் மேலே மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே கீழே இறங்கி, காலிப்பரில் உள்ள பேடுகளை டிஸ்க்கின் மீது நெருக்குகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். திரவத்தை நசுக்க முடியாது என்பதை நம்பியே இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது.

ஆனால் நம் வண்டிகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேட் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. அதிலேயே 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று விதி இறங்கிவிடுகிறது. டாட் 3-க்கு இந்தக் கணக்கு 205-ம் 140-ம்.

மலை இறக்கத்தில் டிஸ்க் பழுக்கக் காய்கிறது. அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறி, அது கொதித்து ஆவிக் குமிழாகிறது. ஆவி நசுங்கும்; லீவர் கைப்பிடிக்கு வந்துவிடும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகும், லீவரும் கெட்டிப்படும். ஏற்காட்டில் நான் பார்த்த பேய் இதுதான். அன்றைக்கு என் வண்டியில் எவர்சில்வர் குழாய் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

சில நூறு ரூபாயில் ஆயிலை மாற்றி, கீழே நிப்பிளைத் திறந்து திறந்து மூடிக் காற்றை எடுத்துவிட்டார். லீவர் கல் மாதிரி நின்றது.

உப்பும் குழாய்

அப்படியானால் எவர்சில்வர் குழாய் வெறும் அலங்காரமா? அப்படியும் சொல்லிவிட முடியாது.

தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் அது உப்புகிறதல்லவா? ரப்பர் பிரேக் குழாயும் அழுத்தத்தில் மயிரிழை உப்பும். உள்ளே நூல் பின்னல் இருப்பதால் புதிதில் அது தெரியாது. வயதாக ஆகத் தெரியும். எவர்சில்வர் குழாய் என்பது உள்ளே டெப்லான் குழாய், அதன்மேல் கம்பிப் பின்னல். உப்ப இடமில்லை. ரப்பரைப்போல் ஈரத்தையும் எளிதில் உள்ளே விடாது. 2018-ல் வந்த ராயல் என்பீல்டின் 650 சி.சி. வண்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தி அனுப்பினார்கள்.

என் ரப்பர் குழாயை மெக்கானிக் வளைத்துக் காட்டினார். வளைந்த இடத்தில் பொடிப்பொடியாக வெடிப்பு. ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் குழாயை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்லிப் பல கம்பெனிகளின் கையேட்டில் போட்டிருக்கிறது. நம்மில் கையேட்டைப் படித்தவர் யார்? எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்று ஆனபிறகு, அடுத்த மாதச் சம்பளத்தில் எவர்சில்வரையே போட்டேன்.

வித்தியாசம் உண்டா? உண்டு, கொஞ்சம். லீவரைச் சற்றே தொட்டதும் பிடிக்கிறது. ஆனால் வண்டி நிற்கும் தூரத்தைக் கடைசியில் தீர்மானிப்பது டயரும் ரோடும்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் 17 மீட்டர் போய்விடுகிறோம். கண் பார்த்துக் கை பிடிக்கும் அந்த நேரத்தை எந்தக் குழாயும் குறைக்காது. பிடிப்பு கெட்டியானதால் ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் முன்சக்கரம் சட்டென்று இறுகி வழுக்கவும் கூடும். முதல் இரண்டு நாள் ஆளில்லாத இடத்தில் பழகிக்கொள்வது நல்லது.

வாங்குவோர் கவனத்துக்கு

ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பினாலும், முன் போர்க் முழுக்க நீண்டாலும் குழாய் இழுபடாத நீளம் வேண்டும். பின்னலின்மேல் பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். வெறும் கம்பி அரம் மாதிரி. டேங்க் பெயின்டையும் பக்கத்து வயரையும் அறுத்துவிடும். குழாயை மடித்துவிடாதீர்கள். உள்ளே டெப்லான் நசுங்கினால் வெளியே தெரியாது.

இரு முனைகளிலும் போல்ட்டின் இரு பக்கமும் வரும் வாஷர்கள் புதியவையாக இருக்க வேண்டும். பழையதைத் தேய்த்துப் போட்டால் கசியும். கசிவுக்காகப் பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் போல்ட் உடையும். டாட் 5 என்று எழுதிய சிலிக்கான் ஆயிலை மற்றதோடு கலக்கவே கூடாது. பிரேக் ஆயில் பெயின்ட்மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அவற்றில் ஆயில் அந்தப் பெட்டிக்குள் புகுந்து வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்கள், காற்றெடுப்பதும் சிரமம். தெரிந்த கை மட்டுமே தொடட்டும்.

வேலை முடிந்த இரவு லீவரை இறுக்கிப் பிடித்துக் கயிற்றால் கட்டிவைத்தார் மெக்கானிக். குழாய் முனைகளுக்குக் கீழே பத்திரிகைத் தாளை விரித்தார். விடிந்து பார்த்தபோது தாளில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. மூடியின்மேல் வெள்ளைப் பெயின்டால் '7/22' என்று எழுதினார். இப்போது அதன் பக்கத்தில் '7/24' என்றும் இருக்கிறது.