தமிழ் கற்கவும் பல்கலைக்கழகமா?

நீர்மின் நிலையத்தால் பெயர்பெற்ற பொல்பிட்டியவிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக மலைப்பாதையில் சென்றால் பேராதனையை அடையலாம். தூரம் பெரிதன்று. ஆயினும் தோட்டத்து லயத்துக்கும் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கட்டைக் கணக்கில் அளக்க இயலாது. உயர்தரப் பரீட்சையில் தேறிய மகள், தமிழைப் பாடமாக எடுக்கப் போவதாகச் சொன்னதும், "தமிழ் நமக்குத் தெரியாததா, பிள்ளை? அதைக் கற்கவும் பல்கலைக்கழகமா?" என்று தகப்பனார் கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானதே. கொழுந்துக் கூடை சுமந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு மறுமொழி கூற வேண்டியது கற்றவர்களின் கடன்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. மறு ஆண்டிலேயே சுவாமி விபுலாநந்தர் அதன் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். தமிழர் இசையை ஆராய்ந்து 'யாழ் நூல்' தந்த பெருமகனார் அவர். 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்த அக்கலைக்கூடத்திலே தமிழும் சிங்களமும் பாளியும் சமஸ்கிருதமும் அரபும் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. முதலாண்டு மாணவர் ஒரே துறைக்குள் அடைபடாமல், சில பாடங்களின் அறிமுகத்தைப் பெற்ற பின்னரே சிறப்புப் பட்டத்தைப் பற்றி முடிவு செய்வர்.

அந்த அறிமுக வகுப்பு செய்வதென்ன? நாம் அறிந்ததையே புதிதாகப் பார்க்கச் செய்கிறது. தோட்டத்தில் அன்றாடம் பறிக்கும் 'தேயிலை'யையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 'தே' சீனத்தின் பூக்கியன் கரையோரப் பேச்சிலிருந்து கடல் வணிகரோடு உலகெங்கும் பரவிய சொல். சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கிய 'சா' வேறு வழிகளிற் சென்று 'சாய்' ஆயிற்று. மலையாளத்துச் 'சாயா'வும் அதன் கிளையே. காலையில் பெயர் கூப்பிடும் 'பிரட்டு', ஆங்கிலேயரின் 'பரேட்' என்பதன் திரிபு. வெள்ளைத்துரையின் கட்டளையை நம் பாட்டனார் தம் நாவிற்கேற்ப வளைத்துக்கொண்டதை அச்சொல் காட்டுகிறது. இத்தகைய சொற்கள் அகராதியில் இல்லையென்று நாணுவது பேதைமை. அவை ஆராய்ச்சிக்குரிய செல்வங்கள்.

அயல் மொழிக்கும் சற்றே செவி கொடுங்கள். "மம கெதர யனவா" என்கிறார் சிங்களவர். "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்கிறோம் நாம். சொல்லுக்குச் சொல் அதே வரிசை! ஆனால் நாம் போகிறான், போகிறாள், போகிறார்கள் என்று வினையை மாற்ற, பேச்சுச் சிங்களமோ எல்லாருக்கும் 'யனவா' என்ற ஒன்றையே வைத்துக்கொள்கிறது. சிங்களம் வடமொழி இனத்தைச் சேர்ந்தது. தமிழ் திராவிட இனத்தைச் சேர்ந்தது. எனினும் நெடுங்காலம் அயலில் வாழ்ந்ததனால் இவ்வளவு ஒற்றுமை. நம் 'கடை' அவர்களிடம் 'கடே' ஆகியிருப்பதைச் சந்தையிலே யாரும் கேட்கலாம்.

மேடையிலும் இவ்வுறவு புலனாயிற்று. பேராதனைப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர், தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம் என்னும் சிங்கள ஆட்டமுறையைத் தழுவி 1956இல் 'மனமே'யை அரங்கேற்றினார். பின்னர், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 'இராவணேசன்' அவ்வாறு எழுந்ததே. நாட்டுப்புறத்தாரின் ஆட்டமென்று கருதப்பட்டது கற்றோர் அவையில் மதிப்புப் பெற்றது. நம் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்துக்கு அத்தகைய தகுதி இல்லையா என்ன?

பட்டம் பெற்றால் ஆசிரியப் பணி கிட்டுமா என்ற கவலை பெற்றோருக்கு இருப்பது இயல்பு. அதை நாம் சிறிதாக்கிப் பேசவில்லை. இரு மொழியும் கற்றவர்க்கு மொழிபெயர்ப்புப் போன்ற வேறு வாயில்களும் உண்டு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

மாணவியே, விடுமுறைக்கு வீடு திரும்பும்போது ஒரு குறிப்புப் புத்தகமும் கொண்டு செல். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் திரட்டினார்; திரட்டப்படாதவை இன்னும் முதியோர் நாவில் உள்ளன. உன் அப்பாயி அடுப்பங்கரையில் முணுமுணுக்கும் தாலாட்டை அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே, திருத்தாமல் எழுதிக்கொள். யாரிடம் கற்றார், எந்தத் தோட்டத்தில் கற்றார் என்பதையும் கேட்டுக் குறித்துவிடு.