சோதி ஒன்று, எதிரே நாண்மீன் மூன்று

குற்றாலத்தில் சாரல் கட்டினால் செங்கோட்டையும் நனையும். அந்தச் செங்கோட்டையில் 1906 ஆகத்து 25ஆம் நாள் பிறந்தவர் நாடகப் பாடகர் கிட்டப்பா. ஊர் அன்று திருவிதாங்கூருக்கு உரியது. ஆண்டு கொல்லம் 1082. அவரோடு மேடையில் இணைந்து தமிழ்நாட்டையும் ஈழத்தையும் பாட்டால் கட்டிப்போட்ட கே. பி. சுந்தராம்பாள் பிறந்தது காவிரிக்கரைக் கொடுமுடியில், 1908 அக்டோபரில். நாள் 10 என்று சில நூல்கள் கூறும். 11 என்று வேறு சில. இந்த ஒருநாள் வேறுபாடு வரலாற்றுக்குச் சிறிது. சாதகத்துக்கு அது எவ்வளவு பெரிது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதே என் வேலை.

இருவரும் 1926இல் கொழும்பில் ஒரே மேடை ஏறினர், 1927இல் மணந்துகொண்டனர். 1933 திசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அகவை 27. சுந்தராம்பாளுக்கு அன்று 25. இந்த இணையின் சாதகத்தைப் பிற்காலத்தில் புரட்டுவோர் எல்லாரும் முடிவைத் தெரிந்துகொண்டே புரட்டுகிறார்கள். விடையைக் கையில் வைத்துக்கொண்டு வினாத்தாள் எழுதுவது எளிது.

தென்காசிப் பெரிய கோயிலுக்கு அருகே கணியர் ஒருவரிடம் இருவர் பிறந்த நாள்களையும் பெயர் சொல்லாமல் நீட்டினேன். கட்டம் வரைந்தார்; நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தார். பிறகு எழுதுகோலை மூடிவிட்டார். “நேரம் இல்லாம லக்கினம் போட முடியாது சார். லக்கினம் இல்லாத சாதகம் தலையில்லா உடம்பு.” நேர்மையான விடை. பணமும் வாங்கவில்லை.

அவர் சொன்னதன் அடிப்படை தூய வானியல். புவி தன்னைத்தானே சுற்றுவதால் கீழ்வானில் எழும் பாகை ஏறத்தாழ 4 நிமிடத்துக்கு ஒன்றாக மாறுகிறது. ஓர் இராசி எழுந்து முடிய ஏறக்குறைய 2 மணி. இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்ததோ 1906 சனவரி முதல் நாள். கிட்டப்பா பிறந்தபோது அதற்கு எட்டு மாதம்கூட நிரம்பவில்லை. செங்கோட்டையின் உள்ளூர் நேரம் அதற்கு ஏறத்தாழ 21 நிமிடம் பிந்தியது. 1904இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு இருப்புப்பாதை வந்துவிட்டது. நிலையக் கடிகாரம் ஒன்று சொல்லும். ஞாயிறு எழுந்ததிலிருந்து நாழிகை எண்ணும் பாட்டி வேறொன்று சொல்லுவாள். 21 நிமிடத்தில் இலக்கினம் 5 பாகை நகரும். ஓர் இராசியை ஒன்பதாக்கும் நவாம்சப் பங்கோ 3 பாகை 20 கலைதான். எந்தக் கடிகாரத்தை நம்பினோம் என்பதைப் பொறுத்து நவாம்சக் கட்டமே மாறிவிடும்.

ஆகவே இலக்கினத்தை விட்டுவிடுவோம். நாளை மட்டும் கொண்டு கணிக்கக் கூடியவை கோள்நிலைகள். 1906 ஆகத்து 25, காரிக்கிழமை. ஞாயிறு சிம்மத்தில் 8 பாகை கடந்திருந்தது. வியாழன் மிதுனத்தில், சனி கும்பத்தில். அன்று முழுதும் திங்கள் துலாத்திலேயே நின்றது. மாலை ஏழரை மணி அளவு வரை சோதி எனப்படும் சுவாதி, அதன்பின் விசாகம். பகலிலோ முன்மாலையிலோ பிறந்திருந்தால் கிட்டப்பாவின் நாண்மீன், அதாவது பிறப்பு நட்சத்திரம், சோதி.

இங்கே ஒன்று சொல்லிவைக்க வேண்டும். சோதி என்னும் செம்மஞ்சள் மீன் 37 ஒளியாண்டுத் தொலைவில், ஞாயிற்றின் பாதையிலிருந்து 30 பாகை வடக்கே ஒளிர்கிறது. திங்கள் அதன் அருகே ஒருநாளும் போவதில்லை. 27 சமப் பங்குகளில் ஒன்றுக்கு அதன் பெயரை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இனி கொடுமுடி. 1908 அக்டோபர் 9க்கும் 10க்கும் இடைப்பட்ட இரவில் முழுநிலா. 10ஆம் நாள் நண்பகல் வரை திங்கள் மீன இராசியில், இரேவதியில். பிற்பகல் ஒரு மணியை ஒட்டி மேடத்துக்குள் நுழைகிறது, நாண்மீன் அசுவினி. மறுநாள் முற்பகலில் அசுவினியும் முடிந்து பரணி பிறக்கிறது. இது திருக்கணித வழி. வாக்கியப் பஞ்சாங்கம் சில நாழிகை வேறுபடும். எப்படியாயினும் நூல்கள் தரும் இரண்டு நாள்களுக்குள் அம்மையாருக்கு மூன்று நாண்மீன்களும் இரண்டு இராசிகளும் கிடைத்துவிட்டன.

பத்துப் பொருத்தத்துக்கு வருவோம். மேடையில் தொடங்கிய உறவு அது. கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவியும் உண்டு. நாம் பார்ப்பது நூலின் விதியை மட்டுமே. இரேவதி என்று கொண்டால், பெண்ணின் மீனிலிருந்து எண்ண, சோதி 16ஆம் மீன். ஒன்பதால் வகுத்தால் மீதி 7, தினப் பொருத்தம் இல்லை. இராசியும் எட்டாவது, அஞ்சத்தக்கது என்பார்கள். அசுவினி என்று கொண்டால் 15, மீதி 6. தினம் பொருந்துகிறது, இராசி ஏழாவதாகி மிகச் சிறப்பாகிவிடுகிறது. ஆனால் யோனிப் பொருத்தத்தில் அசுவினிக்குக் குதிரை, சோதிக்கு எருமை. இரண்டும் பகை யோனி. பரணி என்றால் யானை. எருமையோடு பகையில்லை, இராசியும் நன்று, தினம் மட்டும் மறுபடி கெடுகிறது. ஒரே பெண், ஒரே ஆண், முப்பது மணி நேரத்துக்குள் மூன்று தீர்ப்பு.

தீர்ப்பு மாறாத இடமும் ஒன்று உண்டு. அதுதான் என்னை நிறுத்தியது. இரச்சுப் பொருத்தம், தாலிக்குக் காப்பு என்று நம் ஊர்களில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துப் பார்ப்பது. 27 நாண்மீன்களைப் பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை என ஐந்தாகப் பகுத்து, இருவரும் ஒரே பகுப்பில் விழக்கூடாது என்பார்கள். சோதி கழுத்தில் நிற்கிறது. இரேவதியும் அசுவினியும் பாதத்தில், பரணி தொடையில். மூன்றில் எதை எடுத்தாலும் பொருத்தம் உண்டு. கிட்டப்பா இரவில் பிறந்து விசாகமே ஆகியிருந்தாலும் அது வயிறு, அப்போதும் உண்டு. ஆறு வகையாகக் கூட்டினாலும் தாலி நிலைக்கும் என்றே நூல் சொல்கிறது. வெள்ளைச் சேலை உடுத்திய அம்மையாரோ 1980 வரை வாழ்ந்தார்.

இதைக் காட்டினால் கணியர் கலங்கமாட்டார். தசை பார்க்கவேண்டும், எட்டாமிடம் பார்க்கவேண்டும், இலக்கினம் தெரியாமல் பேசக்கூடாது என்பார். எந்த விளைவுக்கும் ஒரு கட்டத்தில் காரணம் இருக்கும்படி அமைந்த முறை அது. நானும் ஒரு சான்றை வைத்து முறையையே வீழ்த்தியதாகச் சொல்லக்கூடாது. ஓர் இணை ஓர் இணைதான். எண்ணிக்கை வேண்டும்.

அந்த எண்ணிக்கையை வானியலறிஞர் செயந்த் நர்லிகர், நரேந்திர தாபோல்கர் முதலியோருடன் சேர்ந்து மராட்டியத்தில் எடுத்தார். அறிவுக்கூர்மை மிக்க மாணவர் 100 பேர், மனவளர்ச்சி குன்றியோர் 100 பேர்; 200 பிறப்புக் குறிப்புகள். கணியர் ஒவ்வொருவருக்கும் 40 சாதகம்; யார் எந்த வகை என்று சொல்லவேண்டும். விடை அனுப்பிய 27 பேரின் சராசரிச் சரிவிடை 46 விழுக்காடு. காசைச் சுண்டியிருந்தால் 50 வந்திருக்கும். ‘கரண்ட் சயின்சு’ இதழ் 2009இல் இதை வெளியிட்டது. சான் கார்ல்சன் 1985இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஆய்விலும் மேலைநாட்டுக் கணியர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தபோது மூன்றில் ஒன்றே சரியாக வந்தது.

அதனால் பஞ்சாங்கக் கணக்கு இழிந்ததாகிவிடாது. நூறாண்டுக்கும் முந்தைய ஒரு பிற்பகலில் திங்கள் எந்தப் பாகையில் நின்றது என்பதைக் குற்றாலத்து அறையொன்றில் அமர்ந்து, ஈரம் ஏறி நமுத்த தாளில் கூட்டிக் கழித்து எடுத்துவிட முடிகிறது. 10ஆம் நாள் மாலை, ஞாயிறு அடைந்த சற்று நேரத்தில், நிறைவு சற்றே குறைந்த நிலா காவிரிக்கு மேலே எழுந்தது. அதுவரை ஐயமில்லை. கொடுமுடியில் அப்போது தொட்டிலில் ஒரு குழந்தை கிடந்ததா, அல்லது மறுநாள்தான் வந்ததா என்று அந்தத் தாளைக் கேட்டால் அது விடை சொல்லாது.